பின்னுரிமை வரிசை

கல்யாணம் செய்துகொள்வது என்று நான் எடுத்த தீர்மானம் ஒன்றுதான் இதுவரை நிறைவேறியிருக்கிறது. அதற்குப் பிறகு எடுத்த தீர்மானங்களில் எல்லாம் தீர்ந்தது என் மானம்தான்.

இருந்தாலும் மனசு கேட்கிறதா? போன மாதம் மறுபடியும் ஒன்று எடுத்தேன். இந்த விடுமுறைக்குச் சகலை வீட்டுக்குப் போவதில்லை. 'போக மாட்டேன்' என்று வாய் திறந்து சொல்வதும் இல்லை.

இரண்டாவது பாதிதான் முக்கியம். முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என் வீட்டில் யாரும் உயிரோடு நடமாட முடியாது.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா கணவர். சகலமும் தெரிந்தவர்கள் என்பதால்தான் அந்த உறவுக்கே அப்படிப் பெயர் வந்ததோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. வீடுகளுக்குத் தரை போடும் காண்டிராக்டர். எங்கே போனாலும் கையில் ஒரு ரசமட்டம். கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு குமிழி நடுவில் வந்து நிற்குமே, அதுதான். மேஜை மேல் வைப்பார். ஜன்னல் மேல் வைப்பார். ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்த என் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "குமிழி ஓடுது சகல, சாப்பாட்டக் குறைங்க" என்றார். அவர் பார்ப்பது மட்டம். தட்டுவது என்னை மட்டம்.

அவர் வீட்டில் விருந்தாளி என்று யாரும் கிடையாது. கையாள்தான் உண்டு. போன தடவை போனபோது, இருந்த நாளெல்லாம் அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்தின தடவை சிமெண்ட் கலக்கினேன். இப்போது மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருக்கிறார். ஒரு நாள் அக்காவும் தங்கையும் போனில் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"சகல வரட்டும்! டைல்ஸ ரெண்டு பேருமா சேர்ந்தே ஒட்டிடலாம். ஜாலியா இருக்கும்!"

எனக்கு அப்போதே இரண்டு முழங்காலும் வலிக்க ஆரம்பித்துவிட்டன.

நான் லிப்ட் கம்பெனியில் பராமரிப்பு மேற்பார்வையாளன். ஊரையெல்லாம் ஏற்றி இறக்குவது என் வேலை. வீட்டுக்கு வந்தால் என்னை ஏற்றி இறக்குவது என் மனைவியின் வேலை. இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டவர்கள் வருஷம் முழுக்க என்னிடம் போனில் அழுவார்கள். எனக்குக் கிடைப்பதே பத்து நாள் விடுமுறை. அதை சோபாவில் முதுகு போட்டுக் கழிப்பதாகத்தான் உத்தேசம். தரையில் முட்டி போட்டுக் கழிப்பதாக இல்லை.

இப்படிக் கலங்கிப்போயிருந்த சமயத்தில், ஆபீஸில் டீ குடித்துக்கொண்டே போனைப் புரட்டினேன். ஆண்டவன் செய்தி வடிவில் காட்சி கொடுத்தான்.

விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு ஆள் பற்றாக்குறை. வரிசை கார் நிறுத்துமிடம் வரை நீள்கிறது. பயணிகள் விமானத்தைத் தவறவிட்டுத் தவிப்பு. முன்னுரிமை வரிசைகள் மறு அறிவிப்பு வரும் வரை மூடல்.

டீ இனித்தது. அதில் சர்க்கரையே போடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

என்னிடம் ஒரு முன்னுரிமை அட்டை இருக்கிறது. அடிக்கடி வெளியூர் போகிறவன் என்று கம்பெனி கொடுத்தது. அதைக் காட்டினால் பாதுகாப்புச் சோதனைக்குத் தனி வரிசை. அதாவது, வரிசை திறந்திருந்தால். அட்டையைக் காரணம் காட்டித் தாமதமாகக் கிளம்ப வேண்டியது. அங்கே போய்ப் பார்த்தால் வரிசை மூடியிருக்கும். ஐயையோ என்று தலையில் கை வைக்க வேண்டியது. விமானம் பறந்துவிடும். பழி விமான நிலையத்தின் மேல். சோபா என் முதுகின் கீழ்!

ஒரே ஒரு சிக்கல்தான். என் மனைவி.

பல் டாக்டர் கிளினிக்கில் அவள் வரவேற்பாளர். யாரை உள்ளே அனுப்புவது, யாரை நாற்காலியில் உட்கார்த்திப் பழைய பத்திரிகை படிக்க வைப்பது என்பதில் அங்கே டாக்டருக்கே அதிகாரம் கிடையாது. நேரம் என்றால் அவளுக்கு உயிர். விமான நிலையத்துக்கு அவள் கிளம்பும் நேரத்தில் விமானமே எழுந்து பல் தேய்த்திருக்காது. ஒரு தடவை நாங்கள் போய் உட்கார்ந்தபோது, தரை துடைக்க வந்த அம்மா எங்களைத் தூணென்று நினைத்துச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை பிளைட் எத்தனை மணிக்கு?"

"ரெண்டு மணிக்குங்க."

"அப்ப பன்னெண்டரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினாப் போதும்."

மடித்த துண்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பல் வலி என்று பொய் சொல்லி வரிசையில் முந்தப் பார்ப்பவர்களை அப்படித்தான் பார்ப்பாளாம்.

"பன்னெண்டரைக்கா?"

"நம்மகிட்டதான் அட்டை இருக்கே! தனி வரிசை. ராஜ மரியாதை. கயிறத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. குனிய வேண்டியதுகூட இல்ல."

"நிச்சயமாவா?"

"என் மேல நம்பிக்கை இல்லியா?"

துண்டை எடுத்து மறுபடி மடித்தாள்.

"சரிங்க. நீங்க சொன்னா சரிதாங்க."

'நீங்க சொன்னா சரிதாங்க!' இந்த வாக்கியத்தை அந்த வீட்டில் நான் முதல் தடவையாகக் கேட்கிறேன். அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆனால் சண்டையில்லாமலே சம்மதம் கிடைத்தால் ஆண்பிள்ளை மூளை உடனே லீவு போட்டுவிடுகிறது. என் மூளை லீவு போட்டது மட்டுமில்லை, ஊருக்கே போய்விட்டது.

அடுத்த வேலை, செய்தி அவள் காதுக்குப் போகாமல் பார்ப்பது. வீட்டில் டிவி ரிமோட்டை நான் கீழே வைக்கவேயில்லை. செய்தி வரும் நேரமெல்லாம் முதலை முட்டையிடுவதைப் பார்த்தோம். வியாழக்கிழமை எதிர்வீட்டுக்காரர் வந்தார். அவர் வாய்க்குக் கதவும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது.

"ஊருக்குக் கிளம்பறீங்களாமே! ஏர்போர்ட்டுல வரிசை எப்படியிருக்குன்னு..."

"இருக்கு, இருக்கு! வரிசையா பூத்திருக்கு!" என்று கத்தினேன்.

"என்ன பூத்திருக்கு?"

"ரோஜா! எங்க பால்கனியில! வாங்க காட்டறேன்!"

எங்கள் பால்கனியில் இருப்பது ஒரு துடைப்பமும் உடைந்த வாளியும். அவரைத் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். அவர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உடம்ப பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு சின்னப் பெட்டியை அவளே அடுக்கிப் பூட்டிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை. நான் வேண்டுமென்றே ஷூ லேஸைக் கட்டினேன், அவிழ்த்தேன், கட்டினேன். டாக்ஸியில் ஏறிய பிறகு, கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பார்த்துவர ஒரு தடவை இறங்கினேன். ஜன்னல் சாத்தினோமா என்று பார்க்க இன்னொரு தடவை இறங்கினேன். அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து லேசாக முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வந்தாள்.

விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். வாசலில் டிக்கெட் கேட்ட காவலரிடம் அவளே போனைக் காட்டி, ஏதோ சொல்லி, என்னையும் உள்ளே அழைத்துப் போனாள். உள்ளே நுழைந்தவுடன் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என்ன ஒரு வரிசை! கயிறு கட்டின பாதையில் பாம்பு மாதிரி சுருண்டு, சுருண்டு, அதற்கு மேலும் இடமில்லாமல் வெளியே வழிந்து, கழிப்பறை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கழிப்பறைக்கு வந்தவர்கள் சிலர் வரிசை தெரியாமல் இதில் நின்றுவிட்டார்கள். வலது ஓரத்தில் முன்னுரிமை வரிசை. அதன் குறுக்கே கயிறு. கயிற்றில் பலகை: மூடப்பட்டுள்ளது.

"ஐயையோ!" என்று தலையில் கை வைத்தேன். கண்ணாடி முன்னால் பழகியிருந்தேன், அதனால் நன்றாகவே வந்தது. "மூடிட்டாங்களே! இப்படிப் பண்ணுவாங்கன்னு யாருக்குத் தெரியும்! போச்சு, எல்லாம் போச்சு! உங்க அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்!"

"பரவாயில்லைங்க. சாதாரண வரிசையில நிப்போம்."

"இது நகர்ந்து நாம எப்ப போறது? வீட்டுக்கே போயிடலாமா?"

"நின்னுதான் பாப்போமே" என்று போய் நின்றுவிட்டாள்.

எனக்குக் கவலையில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் கவலை வந்தது. வரிசை நகர்ந்தது! இரண்டு ஸ்கேனர்தான் ஓடின என்றாலும் ஓடத்தான் ஓடின. கழிப்பறை வாசலைத் தாண்டினோம். கயிற்றுக்குள் நுழைந்தோம். முதல் சுருள், இரண்டாவது சுருள். இப்படியே போனால் விமானத்தைப் பிடித்துவிடுவோம் போலிருந்ததே!

அப்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. எனக்குள் தர்மசிந்தனை பொங்கிற்று.

"அம்மா, கைக்குழந்தையோட ஏன் நிக்கறீங்க? எனக்கு முன்னால போங்க."

அந்த அம்மா வாயார வாழ்த்திவிட்டு முன்னால் போனார். அடுத்தது கைத்தடியோடு ஒரு தாத்தா. "வாங்க தாத்தா, முன்னால போங்க." அதற்கடுத்து ஒரு வாலிபால் அணி. எல்லாரும் ஆறடி. கைத்தடியும் இல்லை, குழந்தையும் இல்லை. "நாட்டுக்காக ஆடப்போறவங்க! போங்க தம்பிகளா, போங்க!"

"நாங்க ஆடி முடிச்சுத் தோத்துட்டுத் திரும்பறோம் சார்" என்றான் ஒருவன்.

"அப்ப சீக்கிரமா வீட்டுக்குப் போகணும். போங்க!"

என் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசுங்க! நீங்க எல்லாரையும் அனுப்பிட்டு மெதுவா வாங்க. நான் முன்னாடி போய்க்கிட்டு இருக்கேன்."

போய்க்கொண்டே இருந்தாள். முன்னால் நின்ற வேறொரு அம்மாவிடம் ஏதோ பல் விஷயமாகப் பேச ஆரம்பித்ததைப் பார்த்தேன். அந்த அம்மா வாயைத் திறந்து காட்டினார். இவள் எட்டிப் பார்த்தாள். அதற்குள் நடுவில் வாலிபால் அணி சுவர் எழுப்பியது. அப்புறம் அவள் தலை தெரியவில்லை.

எனக்குப் பின்னால் நின்ற மூக்குக்கண்ணாடிக்காரர் என் தோளைத் தட்டினார்.

"சார், ஒரு சந்தேகம். உங்க இடத்த நீங்க தர்மம் பண்ணுங்க. வேண்டாங்கல. என் இடத்தையும் சேர்த்து ஏன் பண்றீங்க?"

"புரியலியே."

"நீங்க ஒருத்தர முன்னால விட்டா, உங்களுக்குப் பின்னால நிக்கற நான் எங்க போவேன்? இந்த வரிசை மொத்தமும் எங்க போகும்? ஒரு டீம் முழுசா விட்டிருக்கீங்க! கோச்சும் சேர்த்து!"

நியாயமான கேள்வி. பின்னால் நின்றவர்களும் முணுமுணுத்தார்கள். எனக்கு அருமையான பதில் கிடைத்தது.

"மன்னிச்சுக்கங்க. அப்ப நீங்களும் எனக்கு முன்னால போங்க."

அவர் போனார். அவருக்குப் பின்னால் நின்றவரும் என்னைப் பார்த்தார். "நீங்களும் போங்க." அடுத்தவர். அதற்கடுத்தவர். இப்படி ஒவ்வொருவராக இடம் மாற்றிக்கொண்டு நான் பின்னால் நடக்க ஆரம்பித்தேன். ஆஹா, என்ன சுகம்! இரண்டாவது சுருளிலிருந்து முதல் சுருள். முதல் சுருளிலிருந்து கயிற்றுக்கு வெளியே. கழிப்பறை வாசல் மறுபடியும் வந்தது. உலகத்தில் முன்னேறப் பாடுபடுகிறவர்கள் பின்னேறிப் பார்க்க வேண்டும். எவ்வளவு புன்னகை, எவ்வளவு நன்றி, எவ்வளவு மரியாதை!

"நில்லுங்க!"

எதிரே சீருடையில் ஓர் அம்மா. பாதுகாப்பு அதிகாரி. இடுப்பில் வாக்கி டாக்கி, முகத்தில் கறார்.

"வரிசையில முன்னால புகுந்து போறவங்கள தினமும் புடிக்கறேன். பின்னால புகுந்து போற ஆள இன்னிக்குத்தான் பாக்கறேன். எதுக்குச் சோதனைக்குப் பயப்படறீங்க?"

"பயமா? எனக்கா? தர்மம்மா, வெறும் தர்மம்!"

"பெட்டியில என்ன இருக்கு?"

"தெரியாதும்மா. என் மனைவி அடுக்கினது."

சொன்ன பிறகுதான், உலகத்தில் எந்தப் பாதுகாப்பு அதிகாரியிடமும் சொல்லக் கூடாத பதில் அது என்று புரிந்தது. அந்த அம்மா வாக்கி டாக்கியில் ஏதோ சொன்னார். இன்னொருவர் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார். இருவருக்கும் நடுவில் என்னை நடத்திக்கொண்டு போனார்கள். எந்த வழியாக என்று நினைக்கிறீர்கள்? மூடியிருந்த அந்த முன்னுரிமை வரிசை வழியாக! ஓர் ஊழியர் ஓடிவந்து எனக்காகக் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நான் குனிய வேண்டியதுகூட இருக்கவில்லை. தாத்தா கையசைத்தார். வாலிபால் அணி கை தட்டியது.

முன்னால் இருந்த மேஜைக்குப் போய்விட்டோம். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், சோதனையெல்லாம் முடித்து, கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. பக்கத்தில் வாயைத் திறந்தபடி அந்தப் பல் அம்மா.

"போர்டிங் பாஸ்?" என்றார் அதிகாரி.

"என் மனைவி போன்ல இருக்கு. அதோ இருக்காங்களே!"

"கூப்பிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் நிதானமாக டீயைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"என்னங்க, தர்மம் எல்லாம் முடிஞ்சுதா?"

"என் போர்டிங் பாஸ அனுப்பு! சீக்கிரம்! என்னைப் புடிச்சு வச்சிருக்காங்க!"

"உங்களுக்குப் போர்டிங் பாஸ் கிடையாதுங்க."

"கிடையாதா?"

"வாசல்ல நான் காட்டினது வழியனுப்ப வர்றவங்க சீட்டு. டிக்கெட் எடுத்தாத்தான பாஸ் வரும்? உங்களுக்குத்தான் டிக்கெட்டே எடுக்கலியே."

அதிகாரி அம்மா என் போனைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

"எடுக்கலியா? ஏன்?" என்றேன்.

"ஏங்க, அக்கா வீட்டுக்குன்னு சொன்னாலே உங்களுக்கு ஏதாவது வரும். ஒரு தடவ இடுப்பு புடிக்கும். ஒரு தடவ காது அடைக்கும். இந்தத் தடவ தனி வரிசைன்னு ஆரம்பிச்சீங்க. எங்க கிளினிக் டிவியில ஒரு வாரமா இந்த ஏர்போர்ட் வரிசையத்தான் காட்டறாங்க. பல் வலியோட வந்தவங்ககூட அதப் பாத்துட்டு, 'நம்ம வரிசை தேவலாம்'னு சிரிக்கறாங்க. நீங்க எனக்கு முதலை காட்டினீங்க."

"அது... இயற்கை... பொது அறிவு..."

"அதான் அக்காவும் நானும் பேசினோம். ஆம்பளைங்க வேண்டாம், ரெண்டு பேரும் மட்டும் கடற்கரைப் பக்கம் ஒரு ரூம் போட்டுப் பத்து நாள் இருந்துட்டு வரலாம்னு முடிவு பண்ணிட்டோம். அக்கா அங்க போய்ச் சேர்ந்தாச்சு."

"ரெண்டு மணி பிளைட்டுக்கு நீ இப்ப ஓடினாலும் புடிக்க முடியாது, தெரியுமா?" கடைசி அஸ்திரத்தை வீசினேன். மணி அப்போதே இரண்டைத் தாண்டியிருந்தது.

"என் பிளைட் அஞ்சு மணிக்குங்க. நீங்க லேட்டுன்னு நினைச்சுக் கிளம்பினது, நான் வழக்கமா கிளம்பற நேரம்."

அதிகாரி அம்மா இப்போது நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பெட்டியை வைத்திருந்தவரும் வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப என்னை எதுக்கு இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்த? டிக்கெட் இல்லாத ஆளுக்குப் பெட்டி எதுக்கு?"

"பெட்டி இல்லாம வந்தா சந்தேகம் வருமே! சரி, என் பேட்டரி தீரப்போகுது. வெளிய போனதும் பயணிகள் வர்ற வாசல்ல கொஞ்சம் நில்லுங்க. எல்லாம் புரியும். உடம்ப பாத்துக்கங்க." கண்ணாடி வழியாகக் கையசைத்துவிட்டு டீயை எடுத்துக்கொண்டாள்.

பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். ஒரு பழைய பேண்ட். முழங்கை கிழிந்த சட்டை இரண்டு. முழங்காலில் கட்டிக்கொள்ளும் பஞ்சு உறை ஒரு ஜோடி, புத்தம் புதிது.

"வெடிகுண்டு ஒண்ணும் இல்ல" என்றார் பெட்டிக்காரர்.

"சாருக்கு அது வீட்லயே இருக்கு" என்றார் அதிகாரி அம்மா. என்னை வெளியே அனுப்பும்போது மட்டும் கொஞ்சம் இரக்கத்தோடு, "பாத்துப் போங்க சார்" என்றார்.

நான் வெளியே வந்தேன். முழங்கால் உறை மனசில் லேசாக உறுத்தியது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நாலு அடி நடப்பதற்குள் ஒரு குஷி வந்துவிட்டது. ஏமாந்தால் என்ன? நான் கேட்டதுதானே கிடைத்திருக்கிறது! சகலை வீட்டுக்குப் போகவில்லை. 'போக மாட்டேன்' என்றும் சொல்லவில்லை. வீடு காலி. சோபா காலி. பத்து நாள்! புத்திசாலித்தனமாக அவள் என்னைத் தோற்கடித்து, முட்டாள்தனமாக நான் ஜெயித்துவிட்டேன்! விசில் அடித்துக்கொண்டே டாக்ஸியைத் தேடினேன். பயணிகள் வரும் வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிவிடுவது என்று வேகமாக நடந்தேன்.

"சகல!"

முதுகில் ஓர் அறை விழுந்தது. நான் இரண்டு அடி முன்னேறினேன்.

திரும்பினேன். வாயெல்லாம் சிரிப்பாகச் சகலை. ஒரு கையில் துணிப்பை. பக்கத்துத் தள்ளுவண்டியில், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஒரு மரப்பெட்டி. சகலையை நான் கட்டிப்பிடித்ததாக அவர் பிறகு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். கால் மடங்கி அவர் மேல் சாய்ந்ததுதான் உண்மை.

"எனக்காகப் பெட்டியோட தயாரா வந்து நிக்கறீங்களே! தங்கமான மனுஷன்யா நீங்க! உங்க வீட்டம்மா எல்லாம் சொல்லிட்டாங்க. பாத்ரூம் தரை சரிவு தப்பா இருக்காமே? தண்ணி தேங்குதாமே? ஒட்டுமொத்தமா பேத்துடலாம் சகல! அப்படியே சமையலறை. அப்படியே கூடம். லேடீஸ் ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கட்டும், நாம இங்க ஜாலியா முட்டி போடுவோம்!"

"கூடமா? சோபா... சோபாவ எங்க போடறது?"

"சோபாவ முதல்ல வெளிய தூக்கிப் போடணும். தரை போடறப்ப அதெல்லாம் இடைஞ்சல்."

தள்ளுவண்டியின் கைப்பிடியைச் சகஜமாக என் கையில் கொடுத்தார். தள்ளினேன். தள்ளாமல் என்ன செய்ய? கொஞ்ச தூரம் போன பிறகு, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப அக்கறையாக விசாரிப்பது மாதிரி கேட்டேன்.

"பத்து நாள்ல அவங்க திரும்பினதும் நீங்க ஊருக்குக் கிளம்பணும் இல்லியா சகல? திரும்பற டிக்கெட் எந்தத் தேதிக்குப் போட்டிருக்கீங்க?"

"போடவே இல்லியே!" என்று சகலை என் தோளில் கை போட்டுக்கொண்டார். "இந்தக் கூட்டத்துல நின்னு கஷ்டப்பட வேண்டாம், அந்த முன்னுரிமை வரிசைய மறுபடி திறக்கற வரைக்கும் நம்ம வீட்லயே இருங்கன்னு உங்க வீட்டம்மா கண்டிப்பா சொல்லிட்டாங்க!"